தாமுவின் பிளேட்டில் ஒட்டிய பொட்டு

தாமு போய்விட்டான்.

சேரப்பணஞ்சேரி தாமு. எங்கள் கம்பெனி குவாலிட்டி செக்கிங் தாமு. நம்ம டி.ஜே. தாமு... நேற்றுக் காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். அவ்வளவுதான்.

இப்போதுதான் எல்லாம் முடித்துவிட்டு வந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, டைப் அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மனுஷன் டி.ஜே. ஆகப் போகிறேன் என்றால் ஊர் என்ன பேசும்? அப்படிப் பேசியதில் முதல் ஆள் நான். அவன் பின்னாலேயே ஒயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தொப்பை குலுங்க ஓடிய முதல் ஆளும் நான்தான்.

அப்போது நம் பக்கம் டி.ஜே. என்றால், லேப்டாப்பில் பாட்டைத் தட்டிவிட்டுக் கையை மேலே தூக்குவது. தாமுவுக்கு அது ஆகவே ஆகாது.

"பட்டனை அமுக்கறதுக்குத்தான் கம்பெனில சம்பளம் தர்றானே மச்சி. பாட்டைக் கையால தொடணும்யா."

சென்னையில் ஏதோ ஒரு ஹோட்டலில் டிஸ்கோவை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரெக்கார்டு சுற்றும் இரண்டு பழைய டர்ன்டேபிளை வாங்கி வந்தான். கூடவே ஒரு சாப்ட்வேர், லேப்டாப்பில் சொருக ஒரு சின்ன பாக்ஸ், இரண்டு கறுப்பு ரெக்கார்டு பிளேட்.

முதல் நாளே அவசரக்குடுக்கையாக நான் ஒயரை நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். "கீ..." என்று ஒரே சத்தம். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

"இன்னாயா இது, பாட்டே இல்ல! உன்ன நல்லா ஏமாத்திட்டான்யா." பிளேட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் கீ.

தாமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தப் பிளேட்டில் பாட்டே கிடையாதாம். வெறும் கீ சத்தம். அதை அந்த பாக்ஸ் வழியாக லேப்டாப் கேட்டுக்கொண்டே இருக்குமாம். கையால் பிளேட்டைத் தள்ளினால் லேப்டாப்பில் இருக்கும் பாட்டு முன்னால் ஓடும், இழுத்தால் பின்னால் வரும்.

"பாட்டு அங்க கீது, கை இங்க கீது. அவ்ளோதான் மச்சி."

அவ்வளவுதானாம்! ஊசி வைக்கவே நான் பட்ட பாடு இருக்கிறதே... "யோவ், ஊசிய மெதுவா வையா! ரிவெட்டா அடிக்கிற?" இதை அவன் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இதில் பொட்டு எங்கே வந்தது என்றால்... பாட்டு தொடங்கும் இடத்தைச் சட்டென்று பிடிக்க, பிளேட் நடுவில் இருக்கும் லேபிளில் ஓர் அடையாளம் வேண்டும். மற்றவர்கள் துண்டு டேப் ஒட்டுவார்களாம். நம் ஆள், பீரோ கண்ணாடியில் மனைவி செல்வி ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து ஒட்டிவிட்டான். ஒரு பிளேட்டுக்கு மெரூன், இன்னொன்றுக்குப் பச்சை.

செல்வி என்னிடம்தான் பஞ்சாயத்துக்கு வந்தாள். "உங்க ஃப்ரெண்டு பண்றது நல்லாவா கீதுண்ணா? வல்லக்கோட்டைக்குக் கிளம்பலாம்னு பாத்தா கண்ணாடில ஒரு பொட்டு இல்ல. வெறும் நெத்தியோடவா கோயிலுக்குப் போறது?"

"புதுசா ஒரு அட்டை வாங்கித் தரேன் செல்வி" என்றான் தாமு.

"அந்தப் புதுசைத் தட்டுல ஒட்டிக்கிறது!"

"புதுசு உனக்கு. எனக்கு இதான் ராசி."

ஒரு ஆயுத பூஜைக்குக் கம்பெனியிலேயே பாட்டுப் போடச் சொன்னார்கள். பிரஸ் மெஷின், ஃபோர்க்லிஃப்ட், எச்.ஆர். மேடத்தின் பிரிண்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பூஜைத் தட்டோடு வந்த மெயின்டனன்ஸ் அண்ணன், இதுவும் மெஷின்தானே என்று பிளேட் மேலேயும் பக்தியோடு ஓர் இழுப்பு இழுத்துவிட்டார்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி சந்தனத்தில் ஏறி இறங்க, பாட்டு விக்கியது. தாமு முகத்தில் ரத்தமே இல்லை. கூட்டமோ விக்கலுக்கு ஆடுகிறது! ஹாஸ்டலில் இருந்த திருநெல்வேலிப் பையன்கள், "அண்ணாச்சி, அந்த விக்கல இன்னொருவாட்டி போடுங்க" என்று கேட்டு வாங்கி ஆடினார்கள்.

"ராவும் பகலுமா பிராக்டிஸ் பண்ணேன் மச்சி. கைதட்டல் சந்தனத்துக்குப் போச்சு."

பிறகு வல்லத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். முன்வரிசை அம்மா ஒருவர் செல்வியிடம், "உங்க வூட்டுக்காரரு மேடைல என்னம்மா மாவாட்டிகினு கீறாரு?" என்று கேட்க, "ஆமாக்கா, வூட்ல மட்டும்தான் ஆட்ட மாட்டாரு" என்றாள் செல்வி.

அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு பாட்டு இன்னொரு பாட்டுக்குள் வெண்ணெய் மாதிரி போனது. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாமு நிமிர்ந்து தேடினான். கவனித்த ஒரே ஆளான செல்வி தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள்... பயல் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இன்று மதியம் எடுக்கும் நேரம். "அவன் உசுரா வெச்சிகினு இருந்தது அந்தத் தட்டுங்கதான். கூடவே அனுப்பிடுங்கப்பா" என்றார் அவன் பெரியப்பா. நான்தான் உள்ளே போய் எடுத்து வந்தேன்.

செல்வி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டும் வேணாண்ணா. ஒண்ணு வெச்சிடுங்க. ஒண்ண என்கிட்ட குடுங்க."

பச்சைப் பொட்டு அவன் நெஞ்சு மேல் போனது. மெரூன் பொட்டு செல்வியின் மடிக்கு.

பக்கத்தில் இருந்த தாமுவின் அத்தை மெதுவாகத்தான் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். "தட்ட வெச்சிக்கோம்மா. அந்தப் பொட்ட மட்டும் பிச்சிடு. இனிமே உனக்கு எதுக்கு அது..."

செல்வி லேபிள் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"இது என் பொட்டு இல்ல அத்தே. அவரோடது."

 

போய் வா மச்சி. ஒரு பிளேட்தான் கூட வருது. ஊசிய மெதுவா வை.