சிக்சருக்குத் தூக்கிய கை

பத்தாவது வரை படித்தவன் நான். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவன் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப்போல் தோள் இறுகிப்போன யாருக்காவது உதவலாம்.

ஒரு காலையில் சட்டை மாட்டும்போது வலது கை பாதியில் நின்றுவிட்டது. குடவாசல் பக்கத்து ஊர்களில் எல்லாம் வேகப்பந்து போட்ட கை அது. வயதானபின் எங்கள் தெருப் பையன்களுக்குக் கோச் ஆனேன். வாயால் விளக்க வராது. போட்டுக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பேன்.

"ஊரையே ஓட்டுன கைக்கு இப்ப நான் சட்டை மாட்டி விடணும்," என்றாள் மனைவி. சிரித்தாலும் தோள் வலித்தது.

தஞ்சாவூரில் டாக்டர் உறைதோள் என்றார் (மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கி, கையை மேலே விடாமல் பிடித்துக்கொள்வது). சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம். "தானா விட்டுரும். எப்பன்னு மட்டும் கேக்காதீங்க."

தினமும் சுவரில் விரல்களால் ஏறச் சொன்னார். தோள் உயரம் வந்ததும் உள்ளே பூட்டியதுபோல நிற்கும். மாதக்கணக்கில் அங்கேயே நின்றதால் சுவரை விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

போட்டுக் காட்ட முடியாத கோச்சைப் பையன்கள் மேனேஜர் ஆக்கினார்கள். வேன் பேசுவேன், பை காப்பேன், அம்பயராக நிற்பேன். அவுட்டுக்கு இடது கைதான். "பீச்சாங்கையில குடுத்தா செல்லாதுண்ணே," என்று எதிரணி கேலி செய்யும். சிக்சருக்கு இரண்டு கையும் வேண்டும். நான் வாயால் கத்துவேன்.

விளையாடியது கோயில் நிலத்தில். குத்தகைத் தகராறு கோர்ட்டில் இருந்ததால் தரிசாய்க் கிடந்தது. சென்னையில் ஆட்சி மாறி மாறி வந்தது. வாய்தா மட்டும் நிற்கவில்லை. அந்த நிலமும் நானும் சும்மா கிடந்தோம்.

சித்திரையில் மேலத்தெருவோடு ஆட்டம். கடைசிப் பந்தில் அவர்களுக்கு ஆறு ரன் வேண்டும். ஓங்கி அடித்த பந்து, எங்களுக்கு எல்லைக்கோடான வரப்பை ஒட்டி விழுந்தது. உள்ளே விழுந்தால் நாலு, ஜெயிப்பது நாங்கள்.

"மாமா, நாலு," என்றான் எங்கள் கேப்டன், மெதுவாக.

வரப்புக்கு அப்பால் விழுந்ததை நான் பார்த்தேன். இரண்டு கையையும் தூக்கினேன். நினைத்துத் தூக்கவில்லை. வலது கை காது வரை போயிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

மேலத்தெருக்காரர்கள் ஆடிக்கொண்டு ஓடினார்கள். நான் அப்படியே நின்றேன்.

"அதான் ஜெயிச்சுட்டாங்கல்ல. கைய எறக்குங்க மாமா," என்றான் கேப்டன்.

இறக்கினால் மறுபடி ஏறுமா என்று பயமாக இருந்தது. இன்றும் ஒவ்வொரு சட்டைக்கும் அந்தப் பயம் உண்டு. கை ஏறிய பிறகுதான் எனக்குக் காலை விடிகிறது.

ஆட்டத்துக்கு மறுநாளும் கை ஏறியது. வழக்கு முடிந்து, நிலத்தில் டிராக்டர் இறங்கியிருந்தது.