மூன்றாவது பிளக்

இல்லை, சின்னம்மா உண்மையைச் சொன்னது கேரேஜ்காரன் இஸ்மாயில் வந்து மிரட்டியதால் அல்ல. கட்கி பஜாருக்குப் பின்னால் தமிழர்கள் குடியிருக்கும் அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் மிரட்டினான் என்றுதான் சொல்வார்கள். கார் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தானாம், போலீஸுக்குப் போவேன் என்றானாம், அவள் நடுங்கிப்போய் ஒப்புக்கொண்டாளாம். இதைச் சொல்கிறவர்களில் ஒருத்தராவது அன்றைக்கு அவள் வாசலில் நின்றார்களா? அவள் செய்தது தப்பு. அதை மறைக்கச் சொன்ன பொய் அதைவிடப் பெரிய தப்பு. அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனால் நடக்காததையும் சேர்த்து அவள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சின்னம்மா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். புருஷன் அங்கே வேலை பார்த்தவன். அவன் செத்த பிறகு இவளுக்கு வேலை கொடுத்தார்கள். முதலில் பெருக்கத்தான் விட்டார்கள். பெருக்கிக்கொண்டே மெஷின்களைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் விளக்குமாற்றை வைத்துவிட்டுப் பானாவை எடுத்தாள். அங்கே ஸ்பேனரைப் பானா என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. சந்தில் தண்ணீர் மோட்டார் நின்றாலும் ஸ்கூட்டர் செயின் கழன்றாலும் "சின்னம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். ஒரு டீ குடித்துவிட்டு வேலையை முடித்துக் கொடுப்பாள். அவள் கை பட்டால் சரியாகிவிடும் என்று சந்து நம்பியது. அவளும் நம்பினாள். கோளாறு அங்கேதான் இருந்தது.

அன்று ஆயுத பூஜை. பானா, ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்து, குங்குமம் வைத்துப் பலகையில் அடுக்கியிருந்தாள். அப்படி வைத்ததை மறுநாள் பூஜை முடிகிற வரைக்கும் தொடமாட்டார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்து நின்றாள்.

"சின்னம்மாக்கா, வண்டி ஜட்கா ஜட்காவா அடிக்குது, குலுங்கிக் குலுங்கி நிக்குது. நாளைக்குக் காலையில ஜானுக்கு டயாலிசிஸ். புது பிளக் வாங்கி வச்சு மூணு மாசம் ஆச்சு. மாத்திக் குடுத்துருங்களேன்."

"இன்னைக்கா? சாமானெல்லாம் பூஜையில இருக்குடி."

"உங்க சாமி பானாவுக்கு லீவு குடுத்திருக்கு. ஜானோட கிட்னி லீவு குடுக்கலையே! அவரு பெட்டியில பழைய பிளக் பானா ஒண்ணு கெடக்கு. அத வச்சுப் பண்ணுங்க."

சின்னம்மா சிரித்துக்கொண்டே எழுந்தாள். ஜான் ஸ்டெல்லாவின் புருஷன். வாரத்தில் மூன்று நாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அந்தப் பழைய சின்னக் கார்தான்.

சின்னம்மாவின் சொந்தப் பானாவுக்குக் கைப்பிடி குட்டை. போதும் என்கிற இடத்தில் உள்ளங்கை வலிக்கும், தானாக நின்றுவிடும். ஜானுடைய பானா முழ நீளக் குழாயைச் சொருகித் திருப்புகிற வகை. அதில் கைக்கு ஒன்றும் தெரியாது. பிளக் இறங்குகிற எஞ்சின் தலை அலுமினியம், மிருதுவானது. பிளக்கைக் கையாலேயே கடைசிவரை ஏற்றி, அப்புறம் பானாவால் அரைச் சுற்று. அவ்வளவுதான். இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டு பிளக்கை அப்படித்தான் போட்டாள். மூன்றாவதைப் போடும்போது, நோயாளி போகிற வண்டி, லூஸாக இருந்துவிடக் கூடாதே என்று இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். நாளெல்லாம் இரும்பை இரும்பில் முறுக்கிப் பழகிய கை. இறுகிக்கொண்டே வந்தது சட்டென்று இளகியது. மாவில் கரண்டியைத் திருப்புவதுபோல் திரும்பியது. எஞ்சின் தலையில் பிளக்கைப் பிடித்துக்கொள்கிற மரை போய்விட்டது.

சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. ஸ்டெல்லா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். பிளக்கை அப்படியே விட்டு வண்டியைக் கிளப்பிப் பார்த்தால் ஜம்மென்று ஓடியது.

"வாரே வா! பஞ்சு மாதிரி ஓடுது. உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்க்கா" என்றாள் ஸ்டெல்லா.

"நாளைக்கு ஒரு நாள் ஆட்டோல போயிடேன்."

"ஏன்?"

சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. "சும்மாத்தான். தசரா கூட்டம்" என்றாள்.

"தசரா அன்னைக்கு எந்த ஆட்டோக்காரன் வருவான்? எல்லாரும் வண்டிக்கு மாலை போட்டுட்டு நிப்பானுங்க."

பூஜை முடிந்ததும் நாமே வண்டியை இஸ்மாயில் கேரேஜுக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணிவிடலாம் என்று சின்னம்மா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கொடுத்த டீயையும் குடித்தாள்.

காலையில் ஹோல்கர் பாலத்தின் நடுவில் 'டப்' என்று ஒரு சத்தம். பிளக் தெறித்து வெளியே வந்துவிட்டது. வண்டி கத்திவிட்டு நின்றது. ஸ்டெல்லா சொன்னபடியே ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. ஜானை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் அவன் முறை போய்விட்டது. அடுத்த முறைக்குக் காத்திருந்தபோது மூச்சு முட்டியது. நுரையீரலில் தண்ணீர் ஏறி, நான்கு நாள் ஐசியுவிலும் அப்புறம் இரண்டு வாரம் வார்டிலும் கிடந்தான்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் சின்னம்மா அதைச் சொன்னாள்.

"நேத்து நல்லாத்தானேக்கா ஓடுச்சு? எப்படி பிளக் பிச்சுக்கிட்டு வரும்?" என்று ஸ்டெல்லா அழுதுகொண்டே கேட்டாள்.

"நான் கழட்டும்போதே மரை தேஞ்சு போயிருந்துச்சுடி. போன மாசம் இஸ்மாயில்தானே சர்வீஸ் பண்ணான்? அவன் இறுக்குன இறுக்கு."

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. ஆனால் வந்ததைத் திருப்பி எடுக்க அந்த வராந்தாவிலேயே அவளுக்கு ராத்திரி வரைக்கும் நேரம் இருந்தது. எடுக்கவில்லை.

இஸ்மாயில் ஆம்பூர்க்காரன். ரயில்வே கேட் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கேரேஜ் நடத்துகிறவன். ஸ்டெல்லா சந்து ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய் அவனை நடு ரோட்டில் நிற்க வைத்து, "கொலகாரா" என்று கத்தினாள். "நான் பிரேக் மட்டும்தான் பாத்தேன், பிளக்கைத் தொடவே இல்ல தங்கச்சி" என்று அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சின்னம்மாவே சொன்ன பிறகு எப்படி ஏறும்? அவளும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. அவன் வண்டியை இழுத்து வந்து புது மரை வைத்துச் சரி பண்ணி, ஒன்றும் வாங்காமல் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனான்.

பள்ளிக்கூட வேன்காரன் அவனிடம் வருவதை நிறுத்தினான். ஸ்கூட்டர்களும் வேறு கேரேஜுக்குப் போயின. சின்னம்மா தினமும் அந்தக் கேட் வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும். அவன் காலி கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். "சலாம் அக்கா" என்பான். அவள் கேட்டை விட்டுப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினாள்.

அப்புறம்தான் அவன் அவள் வீட்டுக்கு வந்தான். மிரட்டியதாகச் சொல்கிறார்களே, அந்த நாள். வண்டியைச் சரி பண்ணும்போது எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த அந்த பிளக்கைப் பிரித்து நீட்டினான்.

"பாருங்கக்கா, மரையில அலுமினியம் சுத்திக்கிட்டு இருக்கு. பளபளன்னு இருக்கு. பழசா இருந்தா கருத்துப்போயிருக்கும்ல? நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க ஃபிட்டரு. கழட்டும்போது சரியாக் கவனிக்கலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ஸ்டெல்லா நம்பும். இல்லன்னா இந்த மாசக் கடைசியில கொட்டகையப் பிரிச்சிட்டு ஆகுர்டியில எங்கயாவது கூலி வேலைக்குப் போறதுதான்."

"அப்ப வேற யாரு பண்ணியிருப்பாங்கன்னு நெனைக்கிற?"

"அது எதுக்குக்கா? யாரோ தெரியாமப் பண்ணியிருப்பாங்க. என் பேரு போகாம இருந்தாப் போதும்."

அவனுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தேதான் வந்தானா? சின்னம்மா அன்றிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்து வந்திருந்தாலும் அவள் முகத்தைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறான். தெரியாமல் வந்திருந்தால் அவளை நம்பி வந்திருக்கிறான். எப்படிப் பார்த்தாலும் அவன் எதிரே நிற்க அவளுக்கு முகம் இல்லை. "வச்சிட்டுப் போப்பா, பாக்குறேன்" என்று மட்டும் அன்றைக்குச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜான் வீட்டுக்கு வந்தான். சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டில் நன்றி ஜெபம், சந்து முழுக்க அழைப்பு. ஸ்டெல்லா தானே வந்து, "நீங்க முன்னாடி உக்காரணும்க்கா. ஐசியுவுல கெடந்த நாலு நாளும் நீங்கதானே கூட இருந்தீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள். அவள் கையை விட்டுப் போன பிறகு சின்னம்மா மகன் ரவிசந்திரனைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் எழுந்து டிவியை நிறுத்தினான். பிறகு, "சரி. இஸ்மாயில் பாய தனியாப் பாத்து மாஃபி கேட்டுக்கோ. ஸ்டெல்லா ஆன்ட்டிகிட்ட, 'அவன் மேல தப்பில்ல போல'ன்னு சொல்லிடு. அத்தோட கதம்" என்றான்.

"'போல'யா?"

"அம்மா, ஆறு மாசத்துல ரிடையர்மென்ட். இருபத்தாறு வருஷப் பேரு. ஜெபத்துல போய் எல்லார் முன்னாடியும் சொல்லப்போறியா? பைத்தியமா உனக்கு, பாகல் ஆயிட்டியா? அப்புறம் ஒரு குக்கர் மூடியக்கூட உன்கிட்ட குடுக்க மாட்டாங்க."

"குடுக்க வேண்டாம்."

"ஸ்டெல்லா ஆன்ட்டி ஜென்மத்துக்கும் உன் மூஞ்சியில முழிக்காது."

அதுதான் அவளுக்கு இருந்த பயமே. சந்து பேசினால் பேசட்டும். முப்பது வருஷம் சுவரோடு சுவராக இருந்த ஸ்டெல்லா பேசாமல் போனால் எப்படி இருப்பது? பக்கத்து வீட்டில் பாட்டு ஆரம்பித்தது. ஜான் மெலிந்த குரலில் கூடப் பாடுவது கேட்டது. எழுந்து முகம் கழுவினாள். இஸ்மாயில் வைத்துவிட்டுப் போன பிளக் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

"நில்லும்மா. தனியாச் சொல்லு, போதும்னு சொல்றேன்ல?" என்று ரவிசந்திரன் நிலைப்படியில் வந்து குறுக்கே நின்றான்.

"இஸ்மாயில எல்லாரும் சேந்து நடு ரோட்டுல வச்சுத்தானேடா திட்டினோம்" என்று சொல்லி, அவன் கையை விலக்கிவிட்டு சின்னம்மா வாசலைத் தாண்டினாள்.