செம்பில் ஏறிய கையெழுத்து

போன சனிக்கிழமை காலையில் செந்தில் வந்து அயர்ன் பாக்ஸ் கேட்டான். தெலுங்கு பேசும் லோத்குண்டாவில் எங்கள் எதிர் ஃபிளாட். விருதுநகர்ப் பையன், சாஃப்ட்வேர் வேலை. சட்டைக்குத்தான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால்... தாமிரச் செம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்!

"என்னடா இது கூத்து?"

"அம்மா நாளைக்கு வர்றாங்கக்கா. இதுல அவங்க பேரைப் போட்டுக் குடுக்கணும்."

அவன் அம்மா பேச்சியம்மாள் போன தடவை வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாராம் — "வீட்ல ஏனம் பூரா ஒங்க தாத்தா பேரு, ஒங்க அப்பா பேரு. எம்பேரு ஒரு கரண்டியிலகூட இல்ல." பிள்ளைக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. உறுத்தாதா பின்னே? அத்தனையையும் துலக்குவது யார்?

பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவர், "தமிலா? நக்கோ! தெலுகு, இங்கிலீஷ் போலோ" என்று கைவிரித்துவிட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்ததே தமிழ் மட்டும்தான். அதுவும் நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டது.

அதனால் அம்மாவின் கையெழுத்தை ஸ்கேன் செய்து, ஆபீஸ் லேசர் பிரின்டரில் இடவலமாகத் திருப்பிப் பிரின்ட் எடுத்து வந்திருக்கிறான். செம்பில் வைத்துச் சூடு காட்டினால் டோனர் மை உருகி ஒட்டுமாம். பிறகு செம்பை அரிக்கும் மருந்தை வைத்தால், மை மூடிய எழுத்து மட்டும் அரிபடாமல் மேடாக நிற்குமாம். தட்டையான தகடென்றால் சரி. செம்புக்கோ தொப்பை! அயர்ன் பாக்ஸ் ஒரு கோடளவுக்குத்தான் படுகிறது, பேப்பர் வழுக்குகிறது. இரண்டு பிரின்ட் பாழ். மிச்சம் ஒன்றே ஒன்று, ஆபீஸும் லீவு.

"விடுங்கக்கா, புடவையே எடுத்துக் குடுத்துடறேன்" என்றான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வெளியே சூடு வைத்தால்தானே தொல்லை? உள்ளே வைத்தால்? கடலை வறுக்கும் மணலைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். பேப்பரைச் செம்போடு சேர்த்து பேண்டேஜ் துணியால் இறுக்கிச் சுற்றி, மணலை உள்ளே கொட்டினோம். ஆறியதும் தண்ணீரில் ஊறவைத்து உரித்தால்... கறுகறுவென்று 'பேச்சியம்மாள்'! எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு மற்ற இடமெல்லாம் நெயில் பாலிஷ் பூசி, பால்கனியில் உட்கார்ந்து, கையுறை மாட்டிக்கொண்டு மருந்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி அரித்தான். எழுத்து எழும்பி நின்றது.

மறுநாள் அம்மா வந்தார். விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாராம். ஷோகேஸில் வைக்கலாம் என்றானாம் செந்தில்.

திங்கட்கிழமை அதே செம்பு நிறையச் சீடையோடு பேச்சியம்மாள் என் வாசலில் நின்றார். நான் கொட்டிவிட்டுத் திருப்பி நீட்டினேன். வாங்கவில்லை.

"இப்ப வேணாம்மா. அலமாரிக்குள்ள இருந்தா எம்பேரை யாரு படிப்பா? நாலு வீட்டுக்குப் போயிட்டு மெதுவா வரட்டும்."

இன்னும் திருப்பித் தரவில்லை... மாடி வீட்டு மாமிக்கு அதில்தான் சர்க்கரை கொடுத்தனுப்பியிருக்கிறேன்!