முதுகில் காற்று

பத்தாவது மாடி ஜன்னல் இடுக்கில் காற்று சீழ்க்கையடித்தால் என் கைகள் இன்றும் தாமாகவே தலையைப் பொத்திக்கொள்ளும்.

எழுபதுகளில் எனக்கு எட்டு வயது. கப்பலில் வேலை பார்த்த சூசை மாமா, ஜப்பானிலிருந்து இன்ஜின் இல்லாத சிறிய விமானம் ஒன்று கொண்டுவந்தார். அதன் இறக்கை என்னைவிட நீளம். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோர மணல்மேட்டின் உச்சியிலிருந்து அதை வீசுவார். கடல்காற்று மேட்டில் மோதி மேலே எழும்பும். அதில் விமானம் சத்தமில்லாமல் மிதக்கும். கையிலிருந்த ரேடியோ பெட்டியால் மாமா அதைத் திருப்புவார்.

அப்பா பாய்மரத் தோணி ஓட்டும் தண்டல். "ஏலே, இங்கன தா" என்று பெட்டியை வாங்கியவர், தோணியைக் கரைக்குக் கொண்டுவருவதுபோல விமானத்தின் முதுகைக் காற்றுக்குக் கொடுத்துக் கரைப்பக்கம் திருப்பினார்.

"அத்தான், கடலப் பாத்துத் திருப்புங்க! மேட்டுக்குப் பின்னால போனா காத்து கீழ அமுக்கி விழுந்துரும்!" என்று மாமா கத்தினார்.

"காத்தோட வாரது கரைக்குத்தாம்லே வரும்."

மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். தலைக்கு மேல் சீழ்க்கைச் சத்தம். நிமிர்ந்தால் விமானம் என் முகத்துக்கு நேராக இறங்கியது. தம்பிமேல் கவிழ்ந்து தலையைப் பொத்தினேன். ஒரு முழம் தள்ளி மணலில் குத்தி நொறுங்கியது.

ஓடிவந்த அப்பா எங்களைத் தடவிப் பார்த்தார். புயலிலும் சுக்கானை விடாதவர், ரேடியோ பெட்டியை மேட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்.

அந்த மாதமே காற்று திசை மாறியது. அப்பா கொழும்புக்குத் தோணி எடுத்தார். "காத்து முதுகுலதான் இருக்கு, ஏளா. பொறவென்ன பயம்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் தலையைப் பொத்திக்கொண்டேன்.