அத்தான் கட்டிய மாடிப்படி

அக்காவின் ஆட்டைத் திவசத்துக்காகத்தான் கொழும்புக்குப் போனேன். உலக யுத்தம் முடிந்தும் அரிசிக்குக் கூப்பன் ஓயாத ஒரு ஆவணி மாதம். ஊர் பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. அத்தான் கட்டிய வீடுகளைப் பார்க்க வேண்டும், அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவரான அத்தான் சிவகுரு பம்பாயில் கட்டடக்கலை படித்தவர். வெள்ளவத்தையில் தமக்கென்று கட்டிய வீட்டில், ஒரு தூணும் இல்லாமல் வளைந்து ஏறும் படி ஒன்றை அமைத்தார். பத்திரிகையில் படம் வந்தது. அந்தப் படியைப் பார்த்துத்தான் கல்லூரியில் விரிவுரையாளர் வேலையும் கொடுத்தார்கள். போன வருடம் அக்கா காய்ச்சலில் இறந்தபோது, மேல்மாடியில் கிரியை முடித்துப் பெட்டியை மூடினார்கள். ஏற்றும்போது வெறும் பெட்டி, நிமிர்த்தி ஏற்றிவிட்டார்கள். ஆளோடு இறக்கும்போது நிமிர்த்த முடியுமா? வளைவில் பெட்டி திரும்பவில்லை. கிரியை முடிந்த உடலை மறுபடி வெளியே எடுப்பதில்லை என்று பெரியவர்கள் மறுத்துவிட, பல்கனியிலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள்.

தந்தி பிந்தி வந்ததால் நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை. ஊருக்கு வந்த ஒருவர் தேத்தண்ணிக் கடையில் வைத்து இதைச் சொன்னார். அன்றிலிருந்து அத்தானுக்கு நான் ஒரு கடிதமும் போடவில்லை. ஊராருக்கெல்லாம் வீடு கட்டத் தெரிந்த மனுஷனுக்கு, என் அக்காவை வீட்டிலிருந்து ஒழுங்காக அனுப்பத் தெரியாமல் போனது எப்படி? இதுதான் கேள்வி.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ இருநூற்றைம்பது மைல். மாலை ஆறு மணிக்கு மெயில் வண்டி ஏறி, மறுநாள் காலை ஆறரைக்குக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினேன். மூன்றாம் வகுப்புப் பலகையில் சாய்ந்து வந்த முதுகு அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நேரே வெள்ளவத்தைக்குப் போக மனம் வராமல், ஐந்து சதம் கொடுத்து ட்ராமில் ஏறினேன். நான் தமிழில் வழி கேட்க, கண்டக்டர் சிங்களத்தில் "மெதன பஹின்ன, மாத்தயா" என்று இறக்கிவிட்டார். அங்கிருந்து பத்து நிமிட நடையில் கொட்டாஞ்சேனை.

அத்தான் முதன்முதல் வரைபடம் கீறிய வீடு அங்கேதான் இருக்கிறது. கீழே புடவைக் கடை, மேலே குடியிருப்பு. வீட்டுச் சொந்தக்காரர் ஹனீபா நானா, நான் அத்தானின் மைத்துனன், ஊரில் வாத்தியார் என்று அறிந்ததும் கதிரை இழுத்துப் போட்டார்.

"வளைஞ்ச படிதான் வேணும்னு கேட்டேன், மாஸ்டர். ஒங்கட அத்தான், சல்லி காணாது நானா, நேராப் போடுவோம்னாரு. நல்லதுக்குத்தான். வாப்பாட ஜனாஸாவ நாலு பேர் நேரா எறக்கிட்டாங்க."

தகப்பனின் பிரேதத்தைப் பற்றிச் சொன்னாரே தவிர, அவர் என் அக்காவை நினைத்துச் சொல்லவில்லை. நான்தான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

புறக்கோட்டையிலிருந்து காலி வீதி பஸ்ஸில் வெள்ளவத்தை முக்கால் மணி நேரம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் நாலாவது வீடு. அத்தான் வாசலுக்கு வந்து என் பையை வாங்கினார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் முகம் பார்த்துக் கதைக்கவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் திவசம் முடிந்து, ஐயரும் சனங்களும் போக மத்தியானம் இரண்டரை ஆயிற்று. வாழையிலைகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, நின்றபடியே கேட்டேன்.

"அத்தான், பெட்டி இறங்காது எண்டு இதைக் கட்டின உங்களுக்குத் தெரியாதோ?"

அவர் வரைபட மேசையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு படியேறினார். வளைவில் குந்தி, கைப்பிடியில் இருந்த நாலு திருகாணிகளைக் கழற்றினார். கைப்பிடி முழுதாகக் கையோடு வந்தது. அதைச் சுவரில் சாத்தினார்.

"பத்து அங்குலம் கூடக் கிடைக்குது, தம்பி. நான் அளந்து பார்த்தனான். பெட்டி போயிருக்கும்."

"அப்ப ஏன் அண்டைக்குக் கழற்றேல்லை?"

"மறந்து போனன்." கழற்றிய திருகாணிகளை உள்ளங்கையில் எண்ணினார். "உன்ர அக்காதான் கேட்டவ, அலுமாரி ஏத்தவேணும், கழற்றக்கூடிய மாதிரி வையுங்கோ எண்டு. அவ கேட்டபடி நான்தான் வைச்சனான். அண்டைக்கு ஞாபகப்படுத்த அவ இல்லைத்தானே."

நான் படியேறிப் போய்த் திருப்புளியை வாங்கினேன். கைப்பிடியை அவர் பிடிக்க, நான் திருகினேன். நாலு திருகாணிகளின் தலையும் தேய்ந்து திருப்புளி வழுக்கியது. இந்த ஒரு வருடத்தில் அவர் எத்தனை தரம் அவற்றைக் கழற்றிப் பூட்டியிருப்பார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளில் கை வைத்தார்.

இப்போதும் அவர் கல்லூரிக்குப் போகிறார். மாணவர்கள் படியைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்களாம், கூட்டிக்கொண்டு வருவதில்லை. வீடு கீறுவதை விட்டுவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மெயில் வண்டியில் ஜன்னலோர இடம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முந்திப் போங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. வெள்ளவத்தைக்குக் கோட்டையிலிருந்து கடலோர ரயிலும் இருக்கிறது, பஸ்ஸைவிடக் கெதியாய்ப் போய்ச் சேரலாம். புது மாடி வீடு கட்டுகிறவர்கள், ஆறடிப் பெட்டி படியில் திரும்புமா என்று கீறுகிறவரிடம் கேளுங்கள். அபசகுனம் என்று வெட்கப்பட வேண்டாம். உறவினரோடு கோபமென்றால் ஒரு வருடம் காத்திருக்காமல் அடுத்த வண்டியிலேயே ஏறுங்கள்.

ஊர் திரும்பி நான் கால் கழுவும்போதே, அக்காவின் கடைசிப் பயணத்தைப் பற்றிக் கேட்க அம்மா வந்து நின்றார்.

"பிள்ளையைப் படியால வடிவா இறக்கினவையோ?"

"ஓமம்மா. படியாலதான். அத்தான் முன்னுக்குப் பிடிச்சவர்."

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த நீங்கள் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.