செம்பில் போட்ட ஓட்டை

போன வாரம் சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடையில் என் மகள் ஒரு பித்தளைச் செம்பைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு விரல்களை மோந்துவிட்டு, "அம்மா, கை நாறுது" என்றாள். ஐந்து வயது. நானும் குனிந்து மோந்தேன். உங்களுக்கும் தெரிந்த வாடைதான், பஸ் கம்பியை நெடுநேரம் பிடித்தால் கையில் ஒட்டிக்கொள்ளுமே, அது. அந்த வாடை வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு விளக்கு. அடுத்தது என் மாமியார். இரண்டும் என் மனதில் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

இவள் வயிற்றில் இருந்தபோது அந்த விளக்கைச் செய்தேன். பிடோக்கில் எங்களுக்குப் புது வீடு கிடைத்திருந்தது. சாப்பாட்டு மேசைக்கு மேலே பித்தளையில் ஒரு தொங்குவிளக்கு வேண்டும் என்று ஆசை. கடையில் இருப்பது எதுவும் பிடிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மை என்னவென்றால், மற்ற கர்ப்பிணிகள் பிள்ளைக்குத் தொப்பி பின்னினார்கள், எனக்குப் பின்ன வராது. யூடியூபில் ஐந்து பேர் செய்வதைப் பார்த்தேன். ஒரே பாடத்தை ஐந்து பேரிடம் கேட்டால்தான் எனக்கு நம்பிக்கை வரும். பள்ளியிலிருந்தே அப்படி.

இதே சிராங்கூன் சாலையில் ஒரு செம்பு வாங்கினேன். கவிழ்த்தால் அதுதான் விளக்கின் குடை. அடியில் ஓட்டை போட்டு, வயரை இறக்கி, உள்ளே பல்பு மாட்ட வேண்டும். டிரில் வைக்குமுன் ஆணியால் தட்டி ஒரு சின்னக் குழி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஐந்து பேரும் சொல்லியிருந்தார்கள். ஐந்து முறை கேட்டதை மறந்தேன். முனை வழுக்கி, கோழி கிளறியதுபோல் கீறிக்கொண்டே ஓடி, நடுவிலிருந்து விலகிய ஓர் இடத்தில் இறங்கியது. தரையெல்லாம் பொன்னிறச் சுருள்கள். கோணல் ஓட்டைதான். ஆனாலும் நான் போட்டது.

அந்த நேரம் பார்த்து அத்தை, என் கணவரின் அம்மா, தோ பாயோவிலிருந்து மீன்குழம்போடு வந்தார். டிரில் சத்தம் மின்தூக்கி வரை கேட்டிருக்கிறது. கம்பிக்கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"அத ஆஃப் பண்ணு. பண்ணாத்தான் உள்ள வருவேன்."

வீட்டில் ஒருத்தி கர்ப்பமாக இருந்தால் சீனர்கள் சுவரில் ஆணி அடிக்கமாட்டார்கள், துளை போடமாட்டார்கள். அத்தைக்கு முப்பது வருடமாகப் பக்கத்து வீடு ஒரு சீனக் குடும்பம். பண்டிகைக்குப் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்ளும்போது இந்தப் பயத்தையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். கிரகணத்தில் கத்தி பிடித்தால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்ற நம்முடைய பயம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. இது சுவர் இல்லை, செம்பு என்றேன்.

"எதுல போட்டா என்ன, ஓட்ட ஓட்டதான். படிச்ச புள்ள, உனக்கு நாங்க சொல்லணுமா?"

'படிச்ச புள்ள' என்பது அவர் வாயில் வசவு. குழம்பைக் கதவோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உரிமம் உள்ள மின்பணியாளர்தான் வந்து மாட்டினார். செம்பைத் திருப்பிப் பார்த்து, "எர்த் வயர் எங்கம்மா? பித்தள லா இது, கை வச்சா போச்சு" என்றார். எர்த் எனக்குத் தோன்றவே இல்லை. அவரே போட்டுக் கொடுத்தார். ஓட்டை நடுவில் இல்லாததால் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. வெளிச்சம் மேசையின் பாதியில்தான் விழும். என் கணவர் தட்டை வெளிச்சத்துப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

பிள்ளை பிறந்த அன்று அத்தைதான் முதலில் பார்த்தார். வலது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்குமிடத்தில், ஊசி குத்தியதுபோல் ஒரு சின்னத் துளை.

"பாத்தியா. நீ போட்ட ஓட்ட."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

டாக்டர் சிரித்தார். நிறையப் பிள்ளைகளுக்கு இருப்பதுதான், நோண்டாமல் விட்டால் போதும் என்றார். சில சமயம் பரம்பரையாக வரும், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "எங்க பக்கம் யாருக்கும் இல்ல" என்றார்.

அப்படியானால் என் பக்கமா? சொந்தக்காரர்கள் எல்லாரையும் காதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். பதினேழு காதுகள் வந்தன. ஒரு சித்தப்பா ஒரு காதை மட்டும் அனுப்பினார். எதிலும் துளை இல்லை.

நான் அறிவியல் படித்தவள். டிரில்லுக்கும் காதுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். தெரிந்து என்ன? பால் கொடுக்கும்போது குனிந்தால் துளை, நிமிர்ந்தால் சாய்ந்த விளக்கு. பத்தியச் சாப்பாடு வைக்கும்போதெல்லாம் அத்தை விளக்கைப் பார்ப்பார், பிள்ளையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்த மாதம் முடிவதற்குள் ஆளைக் கூப்பிட்டு விளக்கைக் கழற்றினேன். கீழே பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரின் ஹார்ன் கேட்டதும் பழைய செய்தித்தாள்களோடு அதையும் கொடுத்தேன். அத்தை சன்னலில் நின்று, தள்ளுவண்டி திரும்பும்வரை பார்த்தார். அந்த முகத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிள்ளைக்கு முடி வளர்ந்ததும் காதை மூடிச் சீவ ஆரம்பித்தேன்.

போன வருடம் அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். தோட்டிலிருந்து கூந்தலுக்குப் போகும் மாட்டல் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. முடியையும் காதின்மேல் இறக்கி, எண்ணெய் வைத்துப் படியச் சீவியிருப்பார். தாதி அந்த முடியை ஒதுக்கித் தொப்பி மாட்டினார். வலது காதுக்கு முன்னால், அதே இடத்தில், அதே துளை.

"என்ன பாக்குற?"

"காத."

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு டாக்டர் கேட்டாரே, அத்தை."

"கேட்டா? கிரகணத்துல மீன் அறுத்தவள்னு எங்கம்மாவ அவ மாமியாக்காரி சாகுற வரைக்கும் குத்திக் காட்டுனா. அத உன் முன்னாடி நான் சொல்லணுமா?"

தள்ளுகட்டில் உள்ளே போய்விட்டது. மாட்டலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரக்கம் வரவேண்டிய இடம் என்று எனக்கே தெரிந்தது. வரவில்லை. 'தெரிந்தே' என்ற ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கண் தெளிந்ததும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மின்விசிறியில் தூசு இருப்பதைச் சொன்னார். பிறகு மேசைக்கு மேலே பார்த்தார்.

"இங்க ஒரு பித்தள வெளக்கு இருந்துச்சே? நல்லா இருந்துச்சு. ஏன் கழட்டுன?"

"சாஞ்சு தொங்குச்சு, அத்தை" என்றேன்.

"சாஞ்சா என்ன?" என்று சோற்றைப் பிசைந்தார்.

கடையில் மகள் கேட்ட செம்பை நான் வாங்கவில்லை. அவளுடைய கையைத் துடைத்து, ரப்பர் வளையத்தால் முடியை இழுத்துப் பின்னால் கட்டிவிட்டேன். அந்த விளக்கு எங்கே உருகி எதன் கைப்பிடியாக ஆகியிருக்கிறதோ. எங்கள் புளோக்கில் இப்போது காராங்குனி ஹார்ன்கூடக் கேட்பதில்லை. விளக்கு தொங்கிய இடத்தை அடைத்துச் சுண்ணாம்பு பூசியாகிவிட்டது, தேடினாலும் தெரியாது. இவள் காதுத் துளையை மட்டும் இனி நான் மூடிச் சீவப்போவதில்லை.