பின் இருக்கையில் மணியம்

எங்கள் சொந்தத்தில் நாட்டுக்காக விளையாடியவர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே "காற்பந்தா, ஹாக்கியா?" என்பார்கள். ரக்பி என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். கல்யாண வீடுகளில் பெரியப்பாவை "ஃபுட்பால் கோச்" என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். அவரும் திருத்த மாட்டார். ரக்பியை விளக்கி முடிப்பதற்குள் பந்தி முடிந்துவிடும் என்பார்.

முழங்கால் போகும்வரை மலேசிய அணியில் ஆடியவர் அவர். அதன்பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். மாநில இளையர் அணிக்குப் போனார். தேசிய அணியில் துணைப் பயிற்றுநர் என்ற பெயரில் பல வருடங்கள் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்தார். தலை முழுக்க நரைத்த பிறகுதான் அவரைத் தலைமைப் பயிற்றுநர் ஆக்கினார்கள். அன்று பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டில் இருந்த எல்லோருக்கும் அப்பா லட்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்களில் பாதிப் பேர் அம்மாவுக்கு மறுபடி குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்தார்கள்.

தீபாவளிக்கு எல்லோரும் கூடினால் பெரியப்பாவிடம் ஒரு கதையைக் கேட்டு வாங்குவோம். வெளிநாட்டில் ஓர் ஆட்டம். எதிரணிக்காரனின் தோள் அவர் தலையில் இடித்தது. விழுந்தார், எழுந்தார், பந்தைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடினார், எதிரே வந்தவனைக் கட்டிப் பிடித்துச் சாய்த்தார். சாய்ந்தது அவருடைய கேப்டன். "மணியம்தான் என் கையைப் பிடிச்சுத் திருப்பி விட்டான், நம்ம பக்கம் அந்தப் பக்கம்னு," என்று முடிப்பார். இதைப் போல வேறு ஆட்டங்களில் தலையில் அடிபட்டு விழுந்த கதைகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். மணியம் யார் என்று யாரும் கேட்டதில்லை.

காட்டுத்தீப் புகைமூட்டம் வந்து பள்ளிக்கூடங்களை மூடிய வருடம் எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா அம்மா இருவருக்கும் வேலை. அம்மா என்னைக் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குக் கூட்டிப் போய்ப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள். பெரியப்பா வீட்டில் பிள்ளைகள் கிடையாது. போனால் எனக்கு ராஜ மரியாதை. ஆனால் அந்த முறை கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

வீடெங்கும் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்சிகள்தான். பெரிய ஆட்டம் வந்தால் அணியின் ஜெர்சிகளைச் சலவைக் கடையில் போட விடமாட்டார் பெரியப்பா. பெரியம்மாதான் துவைக்க வேண்டும். நாட்டுக்கே துணி துவைக்கிறாள் என் அண்ணி என்று அப்பா கேலி செய்வார். வழக்கமாகப் பின்கட்டில் காய்பவை, புகையால் அந்த வருடம் வீட்டுக்குள் வந்துவிட்டன. கூடத்திலும் மாடிப்படியிலும் சாப்பாட்டு மேசைக்கு மேலும் கயிறு கட்டி, ஒவ்வொன்றையும் ஹேங்கரில் மாட்டியிருந்தாள். சன்னல்கள் அடைத்திருந்தன. கதவிடுக்கில் ஈரத் துண்டுகள். மின்விசிறி சுற்றச் சுற்ற அவை எல்லாம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பின. குளிக்கப் போவதென்றால் அவற்றின் நடுவே நுழைந்து போக வேண்டும். ஈரக் கைகள் கன்னத்தில் படும்.

மறுநாள் மதியம் தூங்கி எழுந்தபோது பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெரியப்பா ஜெர்சிகளுக்கு நடுவே நின்று, ஏழாம் எண்ணின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"தோள் வலி பரவாயில்லையா? நீ இன்னிக்கி ரொம்ப ஓடாதே லா. நான் பாத்துக்கறேன்."

கைப்பேசியில் பேசுகிறார் என்று நினைத்தேன். கைப்பேசி மேசைமேல் கிடந்தது. பிறகு அவர் பதிலுக்குக் காத்திருப்பதைப் போல் சற்று நின்று, தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஜெர்சிக்கு நகர்ந்தார். நான் போர்வைக்குள் போய்விட்டேன்.

சாயங்காலம் பயிற்சிக்கு என்னையும் அழைத்துப் போனார். பெரியம்மாதான் அனுப்பினாள், அவருக்குப் பேச்சுத்துணை என்று. காரில் அவருக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு. அவர் எண்ணைச் சொல்வார், நான் பெயரைச் சொல்ல வேண்டும். கயிற்றிலிருந்து எடுத்து மடிக்கும்போது பெரியம்மா ஒவ்வொரு எண்ணுக்கும் உரியவரைச் சொல்லிச் சொல்லி எனக்கு எல்லாம் மனப்பாடம். "ஒன்பது?" என்பார். சொல்வேன். "ஏழு?" என்பார். "ஹஃபிஸ், கேப்டன்." "கெட்டிக்காரி," என்பார். நான் தப்பாகச் சொல்லிப் பார்த்தால் கண்டுபிடிக்கிறாரா என்று ஒரு முறை சோதித்தேன். அவர் கண்டுபிடிக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஷா ஆலமில் அந்தத் திடலின் மறுமுனை புகையில் தெரியவில்லை. ஆட்டக்காரர்கள் வெள்ளையிலிருந்து திடீரென்று முளைத்து, பெரியப்பாவைக் கடந்து ஓடி, மறுபடி வெள்ளைக்குள் மறைந்தார்கள். அவருக்கு அருகே வரும்போதெல்லாம் ஒவ்வொருவனும் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னான். "கோச், ஹஃபிஸ்!" "கோச், டேனியல்!" தண்ணீர் குடிக்க வந்தாலும் சொன்னார்கள், சந்தேகம் கேட்க வந்தாலும் சொன்னார்கள். உருவம் தெரியாமல் பெயர் மட்டும் புகைக்குள்ளிருந்து வந்தது. அது தேசிய அணியின் ஒழுங்கு, பட்டாளத்தில் இருப்பதைப் போல, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

திரும்பும்போதுதான் அது நடந்தது. கிள்ளானுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் கார் திரும்பவில்லை. பந்திங் என்று எழுதிய பலகை புகையில் மங்கலாக வந்து போனது. பெரியம்மாவுக்கு ஏதாவது வாங்கப் போகிறார் போலிருக்கிறது என்று சும்மா இருந்தேன். கடைகள் முடிந்தன. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். மாலை நேரம்தான், ஆனால் சூரியன் எங்கே என்று தெரியவில்லை. பெரிய சாலையை விட்டு மண்சாலையில் இறங்கி, மரங்களைத் தவிர எதுவுமே இல்லாத ஓர் இடத்தில் காரை நிறுத்தினார். ஹாரன் அடித்தார். சற்றுப் பொறுத்து மறுபடி அடித்தார்.

"பெரியப்பா, இங்க யாரு?"

"மணியம் வீடு. ஏத்திக்கிட்டுப் போயிடலாம். மழை வர்ற மாதிரி இருக்கு, மோட்டார் சைக்கிள்ல வரப் போறான்."

வீடு எதுவும் இல்லை. மரங்களுக்கு நடுவே உடைந்த சிமெண்டுத் தரை ஒன்று மட்டும் கிடந்தது. பெரியப்பா இறங்கிப் பின் கதவைத் திறந்துவிட்டு நின்றார். புகை உள்ளே வந்தது. யாருக்கோ இடம் விடுவதுபோல் ஒரு பக்கம் நகர்ந்தார். பிறகு கதவைச் சாத்தினார், அழுத்தமாக, யாருடைய விரலும் நசுங்கிவிடாமல் பார்த்துச் சாத்துவதைப் போல. வண்டியை எடுத்தபிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. கண்ணாடி வழியே பின்னால் பார்த்துப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிள்ளான் வரும்வரை கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். பின் இருக்கையில் ஏதோ அசையும் சத்தம் கேட்டது. தண்ணீர்ப் புட்டிகள்தான். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் பிரயோஜனமில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம் போய் ஒட்டிக்கொண்டேன். அவள் பதறவில்லை. நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, அடுப்படிக்குக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னாள்.

"மணியம் அவரு கூட விளையாடினவன். செத்து ரொம்ப வருஷம் ஆச்சும்மா. தெனம் இவருதான் காடியில போய் ஏத்திக்கிட்டு வருவாரு. ஒரு நாள் போகல. அவன் மோட்டார்ல வந்தான், லோரி அடிச்சிடுச்சு."

"அப்ப இப்ப காடியில யாரு ஏறினது?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பாகிட்டச் சொல்லாதே. யாருகிட்டயும் சொல்லாதே. மேலிடத்துக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளைப் போட்டுருவாங்க. இந்த ஒரு மேட்சுக்காகத்தான் ஆயுசு பூரா காத்துக்கிட்டு இருந்தாரு. இது முடியட்டும்."

அவர் ஆடிய காலத்தில் ஒருமுறைகூட ஜெயிக்க முடியாத அணி வந்திருந்தது. அவர்களைச் சொந்த மண்ணில் எதிர்த்து ஆடப்போகிறோம். அது எனக்குப் புரிந்தது. செத்துப் போனவரைக் காரில் ஏற்றி வருகிறவரை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பதும் நியாயமாகவே பட்டது. ஆவிகளுடன் சகவாசம் வைத்திருப்பது அரசாங்க விதிகளுக்கு ஒத்துவராது என்று நினைத்தேன்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஜெர்சி கொடுப்பது ரக்பிக்காரர்களுக்கு ஏறக்குறைய ஒரு பூசை. பயிற்றுநர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அவன் எழுந்து வந்ததும் ஜெர்சியைக் கையில் கொடுத்து, காதில் அவனுக்கு மட்டும் ஏதாவது சொல்ல வேண்டும். காகிதத்தைப் பார்த்துப் படித்தால் அது அவமானம். வழக்கமாக ஹோட்டலில் நடக்கும். பெரியம்மா பிடிவாதம் பிடித்து அதைக் கிள்ளான் வீட்டில் வைத்துக்கொண்டாள். ஆட்களுக்குச் சோறு போடப் போகிறேன் என்று காரணம் சொன்னாள். வெளியாள் யாரும் வரக்கூடாது என்பதுதான் காரணம்.

கூடம் நிறையப் பெரிய பெரிய உடம்புகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. பெரியப்பா நாற்காலியில். எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள் பெரியம்மா. அடுக்கிலிருந்து ஜெர்சியை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டும்போது, அவருக்கு மட்டும் கேட்கும்படி பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் உரக்க அழைத்தார். அவர்கள் வந்தார்கள், வழக்கம்போல் தங்கள் பெயரைச் சொன்னார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஏழாம் எண்ணை நீட்டி, "ஹஃபிஸ்," என்றேன். பெரியப்பா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். நான் இன்னொரு முறை "ஹஃபிஸ்" என்றேன்.

"மணியம்," என்று அழைத்தார்.

யாரும் அசையவில்லை. சமையற்கட்டு வாசலில் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெரியப்பாவின் பார்வை முகம் முகமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது தரையிலிருந்து ஹஃபிஸ் எழுந்தான். நேராக வந்து அவர் முன்னால் நின்றான்.

"கோச், மணியம்," என்றான்.

பெரியப்பா அவனை இழுத்து அணைத்து, காதில் தமிழில் பேசினார். நீளமாகப் பேசினார். ஹஃபிஸுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் நிறுத்தும் இடத்திலெல்லாம் "யா, கோச்" என்று தலையாட்டினான். எனக்குக் கடைசி மட்டும் கேட்டது.

"நாளைக்கி நானே வந்து ஏத்திக்கறேன். நீ மோட்டார எடுக்காதே."

"யா, கோச்."

எனக்குச் சந்தேகமே இல்லை. காரின் பின் இருக்கையிலிருந்து இறங்கிய மணியம் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்து, இப்போது ஹஃபிஸின் உடம்பில் புகுந்துவிட்டார். அவர்கள் சாப்பிட்டு வேனில் ஏறும்வரை ஹஃபிஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லோரும் ஏறியபின் அவன் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தான். அதைப் பார்த்ததும் மீதி இருந்த தைரியமும் போய்விட்டது. அன்று பெரியம்மா பக்கத்தில்தான் படுத்தேன்.

ஜெயித்தோம் என்று எழுதத்தான் ஆசை. கொஞ்சத்தில் தோற்றோம். அடுத்த வாரம் குடும்பக் காரணம் என்று சொல்லிப் பெரியப்பா பொறுப்பிலிருந்து விலகினார். மேலிடத்துக்கு எதுவும் தெரியாது. ரகசியத்தைக் காப்பாற்றியவள் நான் ஒருத்திதான் என்ற பெருமை எனக்கு இருந்தது.

பெட்டாலிங் ஜெயாவில் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தபோது பெண்கள் ரக்பி அணியில் பெயர் கொடுத்தேன். முதல் நாள் பயிற்சியில் ஆசிரியையை நோக்கி ஓடி, அருகே வந்ததும் என் பெயரை உரக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சொன்னேன். மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கு இப்படிக் கத்துகிறாய் என்று ஆசிரியை கேட்டார். தேசிய அணியில் இப்படித்தான் என்றேன். எந்த அணியிலும் அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்று அவர் சொன்னார்.

திடலின் நடுவே நின்றேன். நல்ல வெயில். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. புகைக்குள்ளிருந்து வந்த பெயர்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த முரட்டு ஆட்கள் யாருக்கும் சொல்லாமல் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, யார் நீ என்று அவர் கேட்க நேராமல், அவருக்கு வெட்கம் வராமல், தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆசிரியை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வெயிலில் மயக்கமா என்றார். எனக்கு அழுகை நிற்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கும் வழக்கம்போல் ஹஃபிஸ் கிள்ளானுக்கு வந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கோச், ஹஃபிஸ்" என்றான். அடுத்தது நான். போன வருடம்வரை "பெரியப்பா" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியவள், அன்று நிலைப்படியில் நின்று என் பெயரைச் சொன்னேன்.

நாற்காலியிலிருந்து பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"முன்னாடி ஏறிக்கம்மா," என்றார். "பின்னாடி மணியம் இருக்கான்."